பூட்டிய வழியும் ஒரு கிளாஸ் டீயும்

செய்தி வந்தபோது கொக்கிரகுளம் பாலத்தின் மேல் இருந்தேன். மகளை ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். வண்டியை ஓரங்கட்டிப் போனை எடுத்தால் கனி மேடத்தின் தங்கை. "பாய்ண்ணே, அக்கா போயிட்டா. விடியக்காலம். ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தா" என்றார். பின்னால் ஒரு டவுண் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. எனக்கு முதலில் அந்த டிரைவர் மேல்தான் கோபம் வந்தது. இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஒடித்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் சாவுச் செய்திக்கு நாங்கள் சொல்லும் "இன்னா லில்லாஹி" என்று வாயில் வந்தது.

மேடம் வீட்டுக்குப் போவதா, நாங்கள் வேலை செய்த மருத்துவமனைக்குப் போவதா என்று தெரியவில்லை. அவர் வீடு இருக்கும் தெருவுக்குள் திரும்பினேன், பாதியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தேன், அங்கே அவர் அறை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் வீட்டுக்கே போனேன். இதை எழுதும்போதும் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வரி எழுதுவதும் எழுந்து வாசல் வரை போவதுமாக இருக்கிறேன். முன்னுக்குப் பின் ஏதாவது இருந்தால் அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்களுக்குத்தான் நான் சொல்லவேண்டியது அதிகம்.

செல்வக்கனி எஸ்தர் அவர்கள் எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். எல்லோருக்கும் கனி மேடம். நான் அதே மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளன், மேலப்பாளையத்துக்காரன். எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதே சண்டையில்தான்.

அவர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்து என் கூடத்துக் கணினிகள் எதிலிருந்தும் மெயில் போகவில்லை. டாக்டர்கள் ரிப்போர்ட் கேட்டுப் போனில் தாளிக்கிறார்கள். விசாரித்தால், புதிதாக வந்த மேடம் சர்வரில் எதையோ மாற்றிவிட்டார் என்றார்கள். நான் படியேறிப் போய்க் கத்தினேன். அவர் நாற்காலியில் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சர்வர் அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருப்பார், சாவிக்கொத்து கையில் குலுங்கிக்கொண்டே இருக்கும். அன்றும் நடந்துகொண்டே கேட்டார்.

"ஏன் பாய் இப்படிக் கத்துதீய? மெயில் போகாட்டா ஒங்களுக்குக் கோவம் வருது, சரி. மெயிலு எப்படிப் போவுதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீயளா?"

"எப்படிப் போனா எனக்கென்ன மேடம், போய்ச் சேந்தா போதும்."

"இங்கன வாங்க" என்று கூப்பிட்டு மேசை மேலிருந்த மடிக்கணினியை என் பக்கம் மட்டும் திருப்பினார். அதற்கு முந்தைய வாரம், மேலிடத்து அனுமதியோடு, எங்கள் வைஃபையில் காற்றோடு என்னென்ன போகிறது என்று பதிவு செய்து பார்த்திருக்கிறார். திரை முழுக்க ஏதேதோ எழுத்துகள். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தார். என் பெயர். அதற்கு அடுத்த வரியில் என் பாஸ்வேர்டு, பச்சையாக. என் மகளின் பெயரும் அவள் பிறந்த வருடமும். "மகளா பாய்?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற ஊழியர் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டார். அந்த மூடிய வேகம்தான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, மேலும் கொஞ்சம் கத்திவிட்டுத்தான் இறங்கி வந்தேன்.

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் கணினியில் இருக்கும் மெயில் மென்பொருள் சர்வரோடு பேசும்போது, பழைய முறையில் எல்லாமே திறந்த பேச்சு. பெயர், பாஸ்வேர்டு, யாருக்கு என்ன நோய் என்கிற ரிப்போர்ட், எல்லாம் போகிற வழியில் நிற்கிற எவனும் படிக்கலாம். புதிய முறையில் முதலில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். நம் மென்பொருள் அதிலுள்ள பெயரைச் சரிபார்க்கும், நம்பத்தக்கவர் கையெழுத்திட்டதுதானா என்று பார்க்கும். பிறகு இரண்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்துகொள்ளும். அதற்கப்புறம் பேசுவது இரண்டுக்கு மட்டும்தான் விளங்கும். நடுவில் நிற்பவனுக்குக் கிடைப்பது வெறும் குப்பை எழுத்து. அந்தப் பழைய வழியைத்தான் அவர் அன்று காலை அடைத்திருந்தார், அதனால்தான் என் கூடத்து மெயில் நின்றது.

"அது சரி மேடம். பழைய கம்ப்யூட்டர் ரெண்டு கெடக்கே, அதுல புது முறை சரியா ஓடாதே, அதுக்கு மட்டும் 'முடிஞ்சா பூட்டு, முடியாட்டா திறந்தே அனுப்பு'ன்னு வச்சா என்ன? செட்டிங்ல அப்படி ஒண்ணு இருக்குல்லா?" என்று கேட்டேன்.

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "பாய், ரெண்டு பேரும் மொதல்ல திறந்தபடிதான் பேச ஆரம்பிப்பாவ. 'எனக்குப் பூட்டத் தெரியும்'னு சர்வர் சொல்லும். நடுவுல நிக்கவன் அந்த ஒத்த வரிய மட்டும் அழிச்சுட்டான்னு வைங்க. ஒங்க கம்ப்யூட்டர் என்ன நெனைக்கும்? பாவம், இதுக்குப் பூட்டத் தெரியாது போலன்னு நெனச்சு, எல்லாத்தையும் பச்சையா அனுப்பிரும். முடிஞ்சா பூட்டுங்கது பூட்டே இல்ல."

பழைய கணினிகள் இரண்டும் அந்த மாதமே கழிவுக்குப் போயின. மேலாளர் முணுமுணுத்தார். கனி மேடம் கண்டுகொள்ளவில்லை.

இன்னொன்றையும் அவர் மறைக்காமல் சொன்னார். இந்த வித்தையைத் தெரிந்தவர்கள் பலரும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். "இந்தப் பூட்டு வழிக்கு மட்டும்தான் பாய். ஒங்க கம்ப்யூட்டர்லருந்து என் சர்வர் வரைக்கும். சர்வருக்குள்ள வந்தப்புறம் மெயிலு திறந்துதான் கெடக்கும். நான் நெனச்சா படிக்கலாம். நெனைக்க மாட்டேன். ஆனா அதுக்குப் பூட்டு கெடையாது, நீங்க என்னைய நம்பத்தான் வேணும்." நான் நம்பினேன். கடைசி வரை அதில் குறை வந்ததில்லை.

எங்கள் மருத்துவமனை பழைய மிஷன் வழியில் வந்தது. காலையில் சிற்றாலயத்தில் ஜெபம் முடிந்ததும் அறிவிப்புகள் வாசிப்பார்கள்: யாருக்குப் பிறந்தநாள், யாருக்குத் திருமண நாள், எந்த நர்ஸ் எந்த வார்டுக்கு மாற்றம். கனி மேடம் அந்த வரிசையில் எழுந்து நின்று, "சர்வர் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. திரையில எச்சரிக்கை வந்தா 'தொடரவும்'ங்கத அமுக்காதீய, எனக்குப் போன் பண்ணுங்க" என்பார். முதலில் சிரித்தார்கள். ஒருமுறை போதகர் ஐயா பழக்கதோஷத்தில் அதற்கும் சேர்த்து "ஆமென்" சொல்லிவிட்டார். மேடமே சிரித்துவிட்டார். ஆனால் அறிவிப்பை விடவில்லை. எச்சரிக்கைப் பெட்டி வந்தால் 'தொடரவும்' அமுக்குவது எங்கள் ஆட்களுக்குக் கோயில் வாசலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி, கை தானாகப் போகும். அந்தக் கையை நிறுத்த அவருக்கு வருடங்கள் ஆயின.

இனி எழுதப்போவது ஒரு கடற்கரை ஊரில் நடந்தது. எந்த ஊர் என்று எழுதமாட்டேன். உவரிக்கு வடக்கா தெற்கா என்றும் கேட்காதீர்கள். இதில் வரும் ஒரு பெண்ணுக்கு என்ன நோய் என்பதையும் எழுதமாட்டேன். மருந்து உண்டு, மருந்தோடு நல்லபடியாக வாழலாம், ஆனால் பெயரைச் சொன்னால் ஊர் ஒதுங்கும். அந்த மாதிரி ஒன்று. இந்த அளவு போதும்.

அந்த ஊரில் மருத்துவ முகாம். முந்தைய வாரமே ரத்தம் எடுத்துவந்துவிட்டோம். முடிவுகளைப் பாளையங்கோட்டையிலிருந்து என் உதவியாளர் மெயிலில் அனுப்ப, நாங்கள் அங்கே வாங்கிச் சொல்வதாக ஏற்பாடு. மாதா கோயில் மண்டபத்தில் சனம் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து விடுதிக்காரர் தன் வைஃபையைத் தந்தார். நான் மெயிலைத் திறந்தால், எச்சரிக்கைப் பெட்டி. சர்வர் காட்டும் சான்றிதழில் எங்கள் பெயர் இல்லை, வேறு ஏதோ பெயர்.

டாக்டர் அவசரப்பட்டார். "அமுக்குங்க பாய், சனம் நிக்கி. மத்தியானம் கடலுக்குப் போகணும்னு சொல்லுதாவ."

கனி மேடம் என் கையைத் தட்டிவிட்டார், நிஜமாகவே தட்டிவிட்டார். "அமுக்காதீய. நம்ம சர்வர்னு சொல்லிக்கிட்டு நடுவுல வேற ஏதோ நிக்கி. அது விடுதிக்காரர் வாங்கி வச்ச வைஃபை பெட்டியா இருக்கலாம், எவனாவது வேணும்னு வச்சதா இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததுகிட்ட இந்தச் சனத்தோட ரத்தத்தக் குடுக்க முடியாது."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மணலில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மீன் ஏலம் போடும் கொட்டகை வரை போனபிறகு கிடைத்தது. ஏலக்காரர் கூவிக்கொண்டிருக்க, மீன் கூடைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போன் வழியாக இணைத்தோம். சான்றிதழ் சரி. பெயர் சரி. முடிவுகள் முழுதாக இறங்கின. மேடம் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "பாத்தீயளா பாய்? ஒரு குஞ்சு பாத்திருக்காது" என்றார். செதில் ஒட்டிய சேலையோடு வெற்றிவீரர் மாதிரி திரும்பி நடந்தார்.

மண்டபத்தில் எங்கள் வழக்கப்படி மூத்த நர்ஸ் மேசைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எங்கள் முகாம்களில் எப்போதும் அப்படித்தான். சத்தமாகக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்லி அனுப்புவது. சனமும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு போகும். "ஒண்ணுமில்ல, போங்க." "ஒண்ணுமில்ல, போங்க." அப்படியே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. நர்ஸ் தாளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, மிகுந்த கனிவோடு, "நீ மட்டும் கொஞ்சம் இரு தாயி" என்றார்.

மண்டபத்தில் பேச்சு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பைய தன் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஊரில் அன்று பொழுது சாயும் முன் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கனி மேடம் மடிக்கணினியை மூடியபடி சுவரோரம் நின்றிருந்தார். திரும்பி வரும்போது பாளையங்கோட்டை வந்ததும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் நடந்து போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அது நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் மருத்துவமனைக்கே வந்து கூச்சல் போட்டார்கள். மெயிலில்தான் கசிந்திருக்கும் என்று மேலிடம் கனி மேடத்தைக் கூப்பிட்டு விசாரித்தது. அவர் சர்வரின் பதிவுகளைக் காட்டினார்: எல்லா இணைப்பும் பூட்டியவை, வேறு யாரும் திறக்கவில்லை. "அப்ப நம்ம பக்கம் தப்பில்ல, நல்லது" என்று கண்காணிப்பாளர் கோப்பை மூடினார். மேடத்துக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "என்ன நல்லது சார்? இம்புட்டுப் பூட்டும் போட்டு, கடைசியில மண்டபத்துல வச்சு நாமளே சொல்லிட்டோம்லா" என்றார்.

அதன்பிறகு அவருக்கு அமைதியே இல்லை. என் கூடத்துக்கு வருவார், எதையோ கேட்க வாயெடுப்பார், போய்விடுவார். ஒருநாள், "பாய், எங்கூட அந்த ஊருக்கு வாரீயளா?" என்றார். போனோம். அந்தப் பெண்ணின் தாய் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. பெண்தான் கதவோரம் வந்து நின்றாள்.

"ரத்தம் எடுத்த அன்னைக்கு, கம்ப்யூட்டர்ல யாரும் பாக்க முடியாதுன்னு நீங்கதானம்மா சொன்னீய?"

"ஆமா. கம்ப்யூட்டர்ல யாரும் பாக்கல."

"பொறவு எப்படித் தெரிஞ்சுது?"

"நாங்கதான் சொன்னோம் தாயி. எல்லாரையும் போங்கன்னு சொல்லிட்டு ஒன்னைய மட்டும் நிறுத்துனோம்லா. அதுலயே எல்லாம் சொல்லியாச்சு."

அவள் அழவில்லை. "மன்னிச்சுட்டேன்னு சொல்லமாட்டேன்மா. இன்னொருத்தரை இப்படி நிறுத்தாதீய" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு அவள் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும், மருந்து தவறாமல் எடுப்பதாகவும் கேள்விப்பட்டோம். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

வரும் வழியில் மேடம் பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. "பூட்டின மெயில்லயும் இந்தத் தொல்ல உண்டு பாய். உள்ள என்னன்னு தெரியாது. ஆனா எம்புட்டு நீளம், எப்பப் போச்சுன்னு வெளிய நிக்கவனுக்குத் தெரியும். நீளத்த வச்சே ஊகிச்சுருவான். அதனால வெறும் எழுத்தையும் சேத்துப் போட்டு எல்லாத்தையும் ஒரே நீளமாக்குத முறை ஒண்ணு இருக்கு. நாம சனத்துக்கு அதைச் செய்யல."

அப்படிப் பிறந்ததுதான் டீ முறை. இனி முகாமில் யாருக்கும் வெளியே முடிவு சொல்லக்கூடாது. ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு கிளாஸ் டீ தரப்படும். அதைக் குடித்து முடிக்கும் வரை உள்ளேதான், வீட்டுக்கதை பேசிக்கொண்டு. கையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை. டாக்டர்கள் குதித்தார்கள். ஆரோக்கியமாக இருப்பவனுக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்றார்கள். மேடம் அசையவில்லை. "ஒண்ணுமில்லாதவங்க உக்காந்தாத்தான் சார் இருக்கவங்க மறைஞ்சு உக்கார முடியும்" என்று சொல்லிச் சொல்லியே ஜெயித்தார்.

இந்த முறையில் முதல் முகாம் எங்கள் மேலப்பாளையத்திலேயே நடந்தது, பீடி சுற்றும் பெண்களுக்காக. என் அக்காவும், எங்கள் வழக்கில் லாத்தா, வந்திருந்தாள். பொறுமைக்கும் அவளுக்கும் தூரம் அதிகம். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஒண்ணுமில்லன்னு சொல்ல இம்புட்டு நேரமா? என்ன ஆக்குனீய, மழை வருமா, புள்ளைக்குப் பொண்ணு பாத்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கா அந்தக் கிறிஸ்துவப் பொம்பள. முடிவு கேக்க வந்தேனா, சம்மந்தம் பேச வந்தேனா?" அந்த 'கிறிஸ்துவப் பொம்பள' எங்களுக்குப் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். லாத்தாவிடம் வந்து, "ஒங்க மருமக நல்லவளா அமையட்டும்" என்றார். லாத்தா அதிலிருந்து அவருக்கு ஒவ்வொரு நோன்புக்கும் கஞ்சி கொடுத்தனுப்பினாள்.

போன வருடம் கனி மேடம் என் கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வந்தார். மேடம் என்று முன்னால் வரச் சொன்னோம், கேட்கவில்லை, வரிசையில் உட்கார்ந்தார். முடிவை நான்தான் முதலில் பார்த்தேன். இந்த வேலையில் எத்தனையோ தாள்களைப் பார்த்தவன். அன்று எழுந்து அறைக்குள் நடந்தேன், உட்கார்ந்தேன், இன்னொரு முறை சோதிக்கச் சொன்னேன். அதே முடிவு. விதிப்படி மெயிலில் அனுப்பினேன். அவர் பூட்டிய வழியிலேயே அது அவருக்குப் போனது.

சிறிது நேரத்தில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "பாத்துட்டேன் பாய்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"வெளிய சனம் இருக்கு. கண்ணத் தொடைங்க" என்றார். டீ வந்தது. உட்கார்ந்தார். என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். பாஸ்வேர்டை மாற்றினேனா, இல்லை இன்னும் மகள் பெயர்தானா என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஓரிடத்தில் உட்காராத மனுஷி, அன்று கிளாஸ் காலியாகும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என் மேசையில் இருந்த, எல்லோருக்கும் தருகிற அதே உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் ஒரு நர்ஸ், "என்ன மேடம், எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "பாய் வீட்டுக் கதை பூராக் கேட்டுட்டு வாரேன்" என்றார். நர்ஸ் சிரித்துக்கொண்டே போனாள்.

அதன் பிறகும் பல மாதங்கள் வேலை செய்தார். ஜெபத்துக்குப் பின் எழுந்து சான்றிதழ் அறிவிப்பு சொன்னார். தனக்குப் பின் வருபவரைத் தயார் செய்து, சாவிகளை ஒப்படைத்தார். மெலிந்துபோனதைப் பார்த்து விசாரித்தவர்களிடம் நடை அதிகம் என்றார். நம்பும்படியான பதில்தான் அது. நான் மட்டும் ஒவ்வொரு நாளும் அவரைக் கண்டதும் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்ததும் ஆளாளுக்கு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒமக்குத் தெரியும்லா வே? என்னவாம்?" என்று ஒரு பழைய கணக்கர் அண்ணாச்சி கேட்டார். கண்காணிப்பாளர் கேட்டார். நர்ஸ்கள் அழுதுகொண்டே கேட்டார்கள். எங்களிடம்கூடச் சொல்லவில்லையே என்ற வருத்தம் அவர்களுக்கு. அது நியாயமான வருத்தம். அவர் தங்கை தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்தால் ஏதோ இருக்கிறது என்பார்கள். தயங்கினால் அதை விட மோசம். அதனால் கேட்ட ஒவ்வொருவரிடமும் நின்று, அவர்கள் வீட்டு நலம் விசாரித்து, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு, நிதானமாகப் பேசி அனுப்பினேன். கடைசி ஆள் போகும் வரை.

கனி மேடம், போய் வாருங்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.